சங்கிலியைக் குறை சொல்லுமுன் சக்கரத்தைப் பாருங்கள்

(பினாங்கு சூலியா தெருவில் நடந்த தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய தெரு இது. நாகூர் தர்கா நிற்கும் தெரு. இங்கே வந்து மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். கீழே அஞ்சடியை ஒட்டிப் பாருங்கள். உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சீனாவிலிருந்து சிறுவனாக இந்தத் தீவுக்கு வந்து பட்டறை வேலை பார்த்த லோ பூன் சியூ என்பவர்தான் 1958இல் ஹோண்டா வண்டிகளை இந்நாட்டுக்குக் கொண்டு வரத் தொடங்கினார். அதன் பின் 'கப்சாய்' நம் லயத்துப் பிள்ளையாகிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுவதும் அதுதான், பால் வாளியோடு மேடு பள்ளம் ஏறி இறங்குவதும் அதுதான்.

நிற்க. நம் வட்டாரத்துத் தோழர் ஒருவர் ஓராண்டில் மூன்று முறை சங்கிலி மாற்றினார். மூன்று முறையும் "சரக்கு மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டினார். நாமும் சேர்ந்துதான் திட்டினோம். கடைசியில் பார்த்தால், டயர் ஒட்டக் கழற்றிய பின்சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருந்தது. கோணல் இரண்டு தீக்குச்சி கனம்தான். அந்தத் தீக்குச்சிகள் தின்ற கூலியை நாம் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும்.

காரணம் எளிது. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் சங்கிலியைச் செய்த நாள் முதலாக அதன் குணம் ஒன்றே. மேலும் கீழும் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், சங்கிலியின் பக்கத் தகடு பற்களின் விலாவை உராய்ந்துகொண்டே ஓடும். பல் கூர்மையாகும், சங்கிலி நீளும், பிறகு ஒருநாள் இறக்கத்தில் கழன்று சக்கரத்தில் சிக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. (வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நேரும் விபத்துக்கும் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. கிராணிமார்கள் இதை மறக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.)

நம் வண்டிகள் பலவற்றில் சங்கிலி முழுவதும் தகர மூடிக்குள் இருக்கிறது. மண் படாமல் காப்பதும் அந்த மூடிதான், கோளாற்றை நம் கண்ணுக்கு மறைப்பதும் அந்த மூடிதான். ஆகவே மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். பின் பல்சக்கரப் பற்களின் இரண்டு விலாவையும் துடைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால் கோணல் என்று அறிக. பிறகு வண்டியின் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடி, சங்கிலியின் நீளத்தை நோக்குங்கள். பல்சக்கரத்தை விட்டுப் புறப்படும் இடத்தில் ஒரு பக்கமாக வளைகிறதா?

இஞ்சினை நிறுத்தித்தான் இதெல்லாம். ஓடும் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதும் துணி பிடிப்பதும் சிலருக்குப் பழக்கம். பால் வெட்டுகிறவனுக்கு விரல்தானே சம்பளம்!

திருத்தும் வழியைக் கேளுங்கள். நடு ஸ்டாண்டு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பின் அச்சு நட்டைத் தளர்த்துங்கள். இரு பக்கமும் சங்கிலியை இழுக்கும் திருகுகள் உண்டு. அவற்றின் பக்கத்திலுள்ள கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டியில் அவை பொய் சொல்லும். ஒரு நூலை எடுத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கை வண்டி உடலோடு சேரும் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை இடப்பக்கம் அளந்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலை வலப்பக்கம் பிடியுங்கள். முடிச்சு ஒத்துவரும் வரை திருகுகளைக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். கீழ்ச் சங்கிலியின் நடுவில் மேலும் கீழும் ஏறக்குறைய ஓர் அங்குல ஆட்டம் இருக்கட்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. சக்கரத்தைக் கையால் சுற்றி, எந்த இடத்தில் மிக இறுக்கமோ அங்கே அளக்க வேண்டும்.

அச்சு நட்டை இறுக்கியபின் மறுபடியும் அளவு பாருங்கள். இறுக்கும்போது சக்கரம் நகர்வதுண்டு. அந்தத் தோழர் வண்டியில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். சக்கரம் பின்னே போனால் பிரேக் கம்பியும் இழுபடும். அதையும் சரி செய்யாமல் ஏறி உட்காராதீர்கள்.

நூல் ஒத்துவந்தும் சங்கிலி கோணலாகவே ஓடினால், பேரிங் தேய்ந்திருக்கலாம், இடைவளையம் ஒன்று விட்டுப்போயிருக்கலாம், அல்லது பின்கையே வளைந்திருக்கலாம். அது பட்டறை வேலை. என்ன பார்த்தோம், என்ன அளந்தோம் என்று சொல்லிக் கொடுங்கள். "சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் அவர்கள் மறுபடியும் சங்கிலியைத்தான் மாற்றுவார்கள். பல் கூர்மையாகிவிட்டிருந்தால் இரண்டு பல்சக்கரங்களையும் சங்கிலியோடு சேர்த்தே மாற்றவேண்டும்.

தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் கீழே இறங்குவோம். வந்திருக்கும் வண்டிகளை அஞ்சடி ஓரமாக நிறுத்தி, ஒவ்வொன்றாக அளந்து பார்ப்போம். நூற்கண்டு கொண்டு வந்திருக்கிறோம். ஸ்பேனர் வைத்திருப்பவர்கள் கையோடு எடுத்து வாருங்கள்.