சிங்கமுகனின் புருவம்



ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள், பொழுதுபடும் நேரம். வீதியில் சூரனைத் தூக்கி ஆட்டிக்கொண்டு பெடியள் ஓடி வருகிறார்கள். மரத்தால் செய்த உடல், அதன்மேல் கழற்றி மாட்டும் தலை. யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், பிறகு சூரபன்மனின் சொந்த முகம், முடிவில் மாமரம், சேவல், மயில். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் சூரன் போரை ஒருமுறையாவது பார்க்காதவர்கள் குறைவு. அந்தத் தலைகளுக்குப் பூசிய வர்ணத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு பெரியவர் அந்தத் தலைகளுக்குப் புதிதாக வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். சத்தம் போடாவிட்டால் பக்கத்தில் இருக்க விடுவார். கிட்டப் பார்த்தபோது சிங்கமுகன் எனக்குப் பிடிக்கவேயில்லை. புருவத்துக்குக் கீழே தடித்த கறுப்புக் கோடு, மூக்கின் மேட்டில் வெள்ளைக் கீற்று, சிவந்த கன்னத்தில் காரணமில்லாமல் செம்மஞ்சள். "ஏன் ஐயா இப்பிடி?" என்று கேட்டேன். "நாளைக்கு வீதியில நிண்டு பார், தம்பி" என்றார். மறுநாள் கூட்டத்துக்குள் நின்று பார்த்தேன். கறுப்புக் கோடு கண்குழியாகிவிட்டது, வெள்ளைக் கீற்று மூக்கை எழுப்பிவிட்டது. அந்த முகம் என்னையே பார்த்தது.

அவர் செய்ததன் காரணம் எனக்கு விளங்க நாற்பது வருடம் பிடித்தது. விளங்க வைத்தவன் ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன். மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான சின்னப் போர்வீரர்களுக்கு வர்ணம் பூசுவது அவனுடைய பொழுதுபோக்கு. முதலில் எனக்கு அது உவப்பாக இருக்கவில்லை. போரை வாசலில் கண்ட வீடு எங்களுடையது, பொம்மைத் துவக்கைக்கூட அம்மா உள்ளே எடுத்துவர விடமாட்டா. ஆனால் அவன் தூரிகை பிடிக்கும் விதத்தைப் பார்த்தபின் என்னால் அந்த மேசையைவிட்டு எழும்ப முடியவில்லை.

உருவத்தின் உயரம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். உண்மையான மனிதன் போர்த்திய சால்வையில் மடிப்பு விழுந்தால் வெயிலே அதற்கு நிழல் கொடுத்துவிடும். கட்டைவிரல் உயரமும் இல்லாத உருவத்தில் அந்த மடிப்பின் ஆழம் ஒரு மயிரிழை, அதில் விழும் நிழல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வெளிச்சமும் நிழலும் தூரிகையிலிருந்துதான் வரவேண்டும். முதலில் அடிப்பூச்சு, அதன்மேல் அந்தந்த இடத்துக்குரிய நிறம். பிறகு தண்ணீர்போல் கரைத்த கருநிறத்தை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தேங்கி நிழலாகக் காய்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் மேடு எழுப்புவது. தூரிகையைத் துணியில் துடைத்து, ஈரம் போனபின் மெல்ல உரசினால் மிச்சமிருக்கும் வர்ணம் மேடுகளில் மட்டும் பிடிக்கும். இன்னும் நுணுக்கமாகச் செய்பவர்கள் நிறத்தைப் படிப்படியாக வெளிறவைத்து, ஒவ்வொரு பூச்சையும் முந்தியதைவிடச் சின்ன இடத்தில் வைத்துக்கொண்டு போவார்கள். சிவப்பை எடுப்பாக்க வெள்ளையைக் கலந்தால் ரோசாநிறமாகிவிடும், அதற்குச் செம்மஞ்சள்தான் சரி என்றான் மருமகன். சிங்கமுகனின் கன்னம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு அடி தூரத்தில் பிடித்த 28 மில்லிமீட்டர் வீரனும், அறுபது அடிக்கு அப்பால் நிற்கும் ஐந்தரை அடி ஆளும் கண்ணுக்கு ஒரே அளவுதான். சின்னதும் தூரத்ததும் வர்ணம் பூசுபவருக்கு ஏறக்குறைய ஒரே சிக்கல். அந்தப் பெரியவர் வீதியின் தூரத்தை மனதில் வைத்துத் தீட்டினார், இவன் மேசையின் தூரத்தை வைத்துத் தீட்டுகிறான்.

இங்கிலாந்தில் 1893 முதல் பிரிட்டன்ஸ் என்ற நிறுவனம் வார்த்து விற்ற ஈயப் போர்வீரர்களுக்கு இப்படி நிழல் கிடையாது. தட்டையான நிறமும் பளபளப்பும்தான். எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கு விதிகள் எழுதியது அத்தகைய வீரர்களை வைத்துத்தான். 1983இல் வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டு வந்தது, 1987இல் அதன் உருவங்களுக்கு வர்ணம் பூசுவோருக்கென்று ஒரு போட்டியே தொடங்கியது. அதன் பெயர் கோல்டன் டீமன். பொன்னசுரன் என்றுதான் எனக்குத் தமிழில் சொல்லத் தோன்றுகிறது.

இந்தச் சின்ன உருவங்களுக்கு வர்ணம் பூசுபவர்களிடம் ஒரு குறையும் எனக்குண்டு. விளிம்பு விளிம்பாக வெளிச்சக் கோடு இழுப்பது இப்போது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. எல்லா விளிம்பும் மின்னினால் கண் எதில் தங்கும்? முகத்திலும் கையிலும் மட்டும் கூடுதலாக ஒளி வைத்த உருவம்தான் எனக்கு வடிவு.

அதேநேரம், அவர்களிடமிருந்து நாங்கள் எடுக்கவேண்டிய ஒன்றும் உண்டு. வேலை முடிந்ததும் பெரும்பாலும் மினுக்கமில்லாத வார்னிசு பூசுகிறார்கள். பளபளப்பு இருந்தால் விளக்கின் உண்மையான ஒளிப்பொட்டு மேற்பரப்பில் விழுந்து, தீட்டிய ஒளியைக் கொன்றுவிடும். எங்கள் பக்கத்தில் பல கோயில் வாகனங்களும் சூரனும் இப்போது மினுங்கும் எனாமலில் நிற்கின்றன. பெரிய மின்விளக்குகளின் கீழே நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டுத்தான் தெரிகிறது, புருவத்தின் வேலை முழுவதும் வீணாகிறது. எனக்கு இது பெரிய மனவருத்தம். ஒளியைத் தீட்டவே வேண்டாமென்றால் அதற்கும் வழி உண்டு. நல்லூரில் 2011இல் எழுந்த ஒன்பது நிலைத் தெற்குக் கோபுரத்தைப் பாருங்கள். பொன்னிறம் ஒன்றே போர்த்தி நிற்கிறது, நிழல் முழுவதையும் வெயில் பார்த்துக்கொள்கிறது. காலையிலும் பின்னேரத்திலும் பார்த்தால் ஒவ்வொரு சிலையும் தனித்தனியாக எழும்பி நிற்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் மருமகன் ஊருக்கு வந்தபோது கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். மூலையில் சிங்கமுகனின் தலை துணி போர்த்து இருந்தது. பெரியவர் காலமாகிக் கனகாலம், அவருடைய பூச்சு மங்கிப்போயிருந்தது. பெடியன் குனிந்து, தொடாமல், புருவத்தின் கீழ்க்கோட்டின் வழியே விரலை நகர்த்தினான்.

"மாமா, இதைத்தான் நானும் செய்யிறனான்."