கடையில் வாங்குவதும் கையில் திணிப்பதும்

(முள்ளிவாய்க்காலில் உழவர்களும், ஆசிரியர், வைத்தியர், உத்தியோகத்தர் முதலானோரும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



குடும்பத் திட்டம் என்னும் சொல்லை இந்த மண்ணில் நின்று உச்சரிப்பது எளிதன்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கு நிகழ்ந்தவற்றை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கச்சேரிக் கணக்குகளை ஆதாரமாகக் கொண்டு, 146,679 பேரின் கதி யாதென மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 சனவரியில் ஆணைக்குழுவின் முன் எழுப்பிய வினா இன்றும் விடையின்றியே நிற்கிறது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று, "பிள்ளைப்பேற்றைக் குறைத்துக்கொள்" என்று எவர் கூறினும் அவள் ஐயத்தோடுதான் நோக்குவாள். அந்த ஐயம் அவளுக்கு உரியது. ஆயினும் நாம் பேசாதிருத்தல் ஆகாது. நாம் பேசாத இடத்தில் பிறர் முடிவு செய்துவிடுகின்றனர். ஆகவே ஆணுறையைப் பற்றியும், அதனை ஏழை நாடுகளின் கடைகளுக்கு அனுப்பிய வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியும் இன்று பேசுவோம். முகத்தைத் திருப்பிக்கொள்ள விரும்புவோர் திருப்பிக்கொள்ளலாம். செவியைத் திறந்து வைத்திருந்தாற் போதும்.

முதலில் பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்ததைக் காண்போம். 1960களின் நடுப்பகுதியில் இந்திய அரசுக்கு ஓர் இக்கட்டு. ஆணுறையின் கடைவிலை ஏழைக்கு எட்டவில்லை. இனாமாகக் கொடுப்பதாயின் வைத்தியசாலையை விட்டால் வேறு வாசலில்லை. கல்கத்தாவிலுள்ள மேலாண்மைக் கல்வி நிறுவனத்தினர் ஒரு வழி கூறினர்: தேயிலையும் சவர்க்காரமும் சிகரெட்டும் எந்தப் பெட்டிக்கடைக்குப் போகின்றனவோ, அந்தக் கடைக்கே இதுவும் போகட்டும் என்றனர். அவ்வாறே 1968இல் 'நிரோத்' சந்தைக்கு வந்தது. இந்துஸ்தான் லீவர், புரூக் பாண்ட், லிப்டன் முதலிய கம்பெனிகளின் வண்டிகள் அதனைச் சுமந்தன. மூன்று உறைகளின் விலை 15 பைசா. குறைந்த பங்கை அரசு ஏற்றது. தொடக்கத்தில் பிறநாட்டுச் சரக்கு. 1969 முதல் திருவனந்தபுரத்துப் பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேட்டக்ஸ் ஆலை தானே செய்யலாயிற்று. பெயர் சூட்டும்போது ஒரு வேடிக்கை நிகழ்ந்ததாம். காதற் கடவுளின் பெயரென்று 'காமராஜ்' என்பதை முன்மொழிந்தார்களாம்; ஆளுங் கட்சியின் தலைவர் யார் என்பது பின்னரே நினைவுக்கு வர, அவசரமாகக் கைவிட்டார்களாம்! தமிழ்நாட்டின் பெருந்தலைவர் தப்பினார்.

இனி நம் தீவுக்கு வருவோம். இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தோன்றியது. 1958இல் சுவீடன் நாடு இத்துறையில் இலங்கையோடு ஓர் உடன்படிக்கை செய்தது. ஓர் அரசு பிறிதோர் அரசுக்குக் குடும்பத் திட்டத்திற்காக உதவிய முதல் முயற்சிகளுள் இஃது ஒன்று. 1973இல் 'பிரீதி' என்னும் ஆணுறை கடைக்கு வந்தது. 1970இல் பில் ஆர்வி என்ற அமெரிக்கரும், டிம் பிளாக் என்ற ஆங்கில வைத்தியரும் நிறுவிய மக்கள்தொகைச் சேவை நிறுவனமும் நம் சங்கமும் கைகோத்து நடத்திய வேலை அது. பணம் வெளிநாட்டு நன்கொடை. சிங்களத்தில் அச்சொல் மகிழ்ச்சியைக் குறிக்கும். தமிழில் அன்பை, விருப்பத்தைக் குறிக்கும். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்திற்கும் 1972இன் அரசியலமைப்பிற்கும் பின்னர், இரு மொழியினருக்கும் விளங்கும் ஒரு சொல்லை இந்நாட்டில் யாரேனும் தேடியிருந்தார்கள் என்றால், அவர்கள் ஆணுறை விற்றவர்களே! அரசியல்வாதிகளுக்கு எட்டாத ஞானம் வணிகர்க்கு எட்டியது.

விளம்பரத்திலும் அறிவு இருந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமாய்க் கூடிய ஒரு கையைச் சின்னமாக்கினர். வாய்திறந்து கேட்க நாணுபவன் கையைக் காட்டினாற் போதும். இந்த வன்னிக் கிராமங்களில் கடைக்காரர் மாமன் முறை, அவர் மனைவி நம் தாயின் தோழி என்றிருக்க, அந்த நாணத்தின் எடை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு வினா எழும். பணம் கொடுப்பவன் இருக்கும்போது இனாமாகவே கொடுத்துவிடலாமே, சில சதத்தை ஏழையிடம் வாங்குவானேன்? உழவர்களாகிய உங்களுக்கு விடை தெரியும். இனாமாய் வந்த விதைநெல் மூட்டை பல வேளைகளில் மூலையிற் கிடக்கும். காசு கொடுத்து வாங்கியது நிலத்துக்குப் போகும். கடைக்காரனுக்கும் இலாபம் இருந்தாலன்றோ அவன் சரக்கைத் தட்டில் வைப்பான்? இவை வணிகர் கூறும் காரணங்கள். நாம் கூறுவது வேறு. கடையில் காசு கொடுப்பவனின் பெயரை எவரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. அவனுக்கு வேண்டுமாயின் வாங்குவான். வேண்டாவிடின் தேயிலையை மட்டும் வாங்கிக்கொண்டு போவான். வேண்டாம் என்று சொல்லும் அந்த உரிமையே அச்சிறு விலையின் உட்பொருள்.

ஆனால் நன்கொடையாளன் கணக்குக் கேட்பவன். கொடுத்த பணத்தால் விளைந்தது என்ன என்று அறிய அவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். ஒரு தம்பதி ஓராண்டு காலம் கருத்தரிக்காது காக்கப்படுவதை ஓர் அலகாகக் கொள்வர். 120 ஆணுறை ஓர் அலகு. தோலின் கீழ் வைத்து ஐந்தாண்டு வேலை செய்யும் கருத்தடைக் குச்சி 3.8 அலகு. பெருக்கிப் பாருங்கள்: ஒரு பெண்ணின் கையில் ஒருமுறை வைக்கும் குச்சி, ஏட்டில் 456 ஆணுறைக்குச் சமம்! 456 உறை விற்பதற்கு எத்தனை கடை ஏறி இறங்க வேண்டும், எத்தனை ஆடவரின் மனத்தை மாற்ற வேண்டும்! ஒரு குச்சிக்கோ அரை மணி நேரமும் போதும். அந்தக் குச்சி தீயதென்று நாம் கூறவில்லை. விரும்பி ஏற்கும் தாய்க்கு அது நல்ல துணையே. ஏட்டின் சரிவு எந்தப் பக்கம் என்பதையே காட்டுகிறோம். நோய்த்தொற்றைத் தடுக்கும் ஆற்றல் ஆணுறைக்கு உண்டு, குச்சிக்கு இல்லை. அந்த நன்மைக்கு இந்த ஏட்டில் நிரலே இல்லை.

ஏடு மனிதரை விழுங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் நெருக்கடிநிலைக் காலமே சான்று. நிரோத்தைக் கடையில் வைத்து, விரும்பினால் வாங்கு என்ற அதே அரசு, இலக்குகளை வகுத்து 1976-77 என்ற ஓராண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்தது. 1977 தேர்தலில் வட இந்திய மக்கள் அதற்கு விடை அளித்தனர்.

அத்தனை தொலைவு போவானேன்? நம் பக்கத்து மாவட்டத்தில், 2013 ஆகத்து 31ஆம் நாள், பூநகரிப் பகுதியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்த் தாய்மார் பிள்ளைகளின் நலன் பார்க்கவென அழைக்கப்பட்டு, அங்கு கருத்தடைக் குச்சி ஏற்றுமாறு வற்புறுத்தப்பட்டதாக மனித உரிமை ஆய்வாளர் அறிக்கை வெளியிட்டனர். அரச தரப்பு அதனை ஏற்கவில்லை. நாம் கேட்பது எளிய கேள்வி: அந்தத் தாய்மாருக்கு முன்னரே தமிழில் விளக்கம் கொடுத்து, வீடு சென்று கணவரோடு கலந்து யோசித்து வர ஒரு கிழமை அவகாசம் அளித்திருந்தால், இத்தகைய முறைப்பாடு எழுந்திருக்குமா? 2021இல் உங்களை ஒரு வார்த்தை கேளாமல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்களே, வயல் என்ன பாடு பட்டது! வயலுக்கே அப்படியென்றால் உடலுக்கு?

மறுபுறத்தில் நம்மவருள்ளும் ஒரு சாரார் உளர். தமிழினம் குறைகிறது, ஆகையால் குடும்பத் திட்டம் என்பதே சதி, பெண்கள் மேலும் பெறவேண்டும் என்று மேடையில் முழங்குவர். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திற்கு 2010இல் 9 ஆசனம், 2024இல் 6 ஆசனம் என்று விரல் மடக்குவர். கணக்கு உண்மை. ஆனால் அந்த மூன்று ஆசனங்களையும் ஆணுறையா தின்றது? போரும் புலப்பெயர்வும் தின்றன. அவற்றுக்கு விடை காணாது, கூலிக்குப் போகும் இளந்தாயை நோக்கி "நீ பெற்று நிரப்பு" என்பது எவ்வகை நியாயம்? கொழும்பின் ஏட்டுக்காகவும் அன்று, நம் மேடைக்காகவும் அன்று, அவள் வயிறு.

வெளிநாட்டுப் பணம் நிலையானதுமன்று. 1984இல் அமெரிக்க அரசு கருக்கலைப்பைக் காரணம் காட்டி அனைத்துலகச் சங்கங்களின் உதவியை நிறுத்தியது. ஆட்சி மாறுந்தோறும் கதவு திறப்பதும் அடைப்பதுமாயிற்று. 2025இல் அதன் சர்வதேச உதவி நிறுவனமே மூடப்பட்டது. ஏழை நாடுகளுக்கென வாங்கிப் பெல்ஜியத்துக் களஞ்சியத்தில் வைத்திருந்த 97 இலட்சம் டொலர் பெறுமதியான கருத்தடைப் பொருள்களை எரித்துவிட முடிவு செய்ததாகவும் அவ்வரசு அறிவித்தது. வறண்ட குளத்தை நம்பிக் காலபோகம் விதைப்பார் உண்டோ? பிரீதியை விற்ற பணத்தில் நம் சங்கம் பிற பணிகளையும் நடத்த முடிந்தது என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

ஆகவே கரைதுறைப்பற்றுப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திற்கு நாம் எழுதிக் கொடுக்க வேண்டியவை உள. கருத்தடைக்கான ஒப்புதற் படிவம் முழுவதும் தமிழில் இருத்தல் வேண்டும்; அதனைத் தாய் வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசிக்க நாள் கொடுக்க வேண்டும். வைத்த குச்சியை அவள் கேட்டவுடன், காரணம் வினவாது, இதே மாவட்டத்தில் அகற்ற வசதி வேண்டும். நிவாரணத்தையோ பிள்ளையின் நிறுவையையோ இதனோடு முடிச்சுப் போடலாகாது. ஆடவர்க்கும் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் தாய்மாரையே சுற்றிச் சுற்றி வந்தாற் போதாது. கடைக்காரர்களே, மருந்தகத்தாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம்: அந்தப் பெட்டியை அலுமாரியின் பின்னே ஒளிக்காதீர்கள், கேட்டு வரும் இளைஞனின் தந்தை பெயரையும் விசாரிக்காதீர்கள்.

மனுவில் ஒப்பமிட விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வருக. தாய்மார் முதலில் வரட்டும்.