தொப்பியும் கையும்



பாஸ்க் மக்களைப் பற்றி நாங்கள் கதைக்கத் தொடங்கினால் மொழி, கொடி, சுயநிர்ணயம் எண்டு போயிடும். இண்டைக்கு நான் ஒரு பந்தைப் பற்றிக் கதைக்கப் போறன்.

பந்தின் எடை 100 கிராமுக்குச் சற்று மேல். கெட்டியான கரு, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய நூல், வெளியே தோல். இதை மட்டையில்லாமல் கையால் சுவரில் அடிக்க வேண்டும். விளையாட்டின் பெயர் 'எஸ்கு பிலோட்டா'. எஸ்கு என்றால் கை. உள்ளங்கையிலும் விரல்களிலும் சின்னப் பட்டைகளை ஒட்டிக்கொள்வார்கள், காப்பு அவ்வளவுதான். கை வீங்கும். அந்த வருத்தத்துக்கெண்டே ஸ்பானிய மொழியில் 'கை நோவு' எண்டு ஒரு பெயர் இருக்கு.

ஆட்டச்சுவர் இல்லாத பாஸ்க் ஊரைக் காண்பது அரிது. பல ஊர்களில் அது தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஊர்த் திருவிழா எண்டால் ஆட்டமும் இருக்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். முதலில் 22 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. பந்தயம் பிடிப்பவர்கள் கீறிய டென்னிஸ் பந்துக்குள் சீட்டை வைத்துக் கூட்டத்துக்குள் எறிவார்கள், பார்க்கவே வேடிக்கை. வென்றவருக்குப் பெரிய வட்டத் தொப்பி. பாஸ்க் மொழியில் சாம்பியனுக்கான சொல்லே 'தொப்பி உடையவர்' என்பதுதான்.

பெண்களுக்கு அந்தத் தொப்பி கனகாலம் எட்டவில்லை. 1917 இல் மத்ரித்தில் பெண்களின் தொழில்முறை ஆட்டம் தொடங்கியது, ஆனால் ராக்கெட்டால். பாஸ்க் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் பலர் அதில் உழைத்து வாழ்ந்தார்கள். கையால் அடிக்கிறது ஆம்பிளையளின்ர மரபு எண்டு வைச்சிருந்தவை. இப்பதான் பெண்கள் கையால் ஆடும் போட்டிகள் வளருது.

'மரபு' என்ற சொல் மறைக்கிற இன்னொன்று, கூலி. இன்று தொழில்முறைக் கை ஆட்டம் பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களின் பிடியில். 2019 இலையுதிர் காலத்தில் அவற்றில் ஒன்றின் வீரர்கள் வேலை நிபந்தனைகளுக்காகப் பல வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரின்ர பெருமை, தொலைக்காட்சியில வாற முகம், ஆனா ஒப்பந்தத்தில தொழிலாளி. இதுக்கு முன்னோடியும் உண்டு. இதே குடும்பத்து விளையாட்டான ஹாய் அலாயை ஆடுவதற்கு அமெரிக்கா போன பாஸ்க் புலம்பெயர் வீரர்கள் 1988 இல் தொழிற்சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று வருடம் நீடித்தது. முதலாளிமார் வேறு ஆட்களைப் பிடித்து ஆட்டத்தை நடத்தினார்கள்.

2024 டிசம்பரில் சர்வதேச பெலோட்டா கூட்டமைப்பு பாஸ்க் கூட்டமைப்பை உறுப்பினராக ஏற்றது. ஸ்பெயினுக்கு எதிராகவே சொந்த அணியாக நிற்கலாம். எங்கட ஆட்கள் அதைக் கொண்டாடிப் பகிர்ந்தவை, நானும் பகிர்ந்தனான். 2019 வேலைநிறுத்தத்தை எங்களில ஒருத்தரும் பகிரேல்லை. எனக்கே அப்ப அது தெரியாது. கொடியைத் தேடிப் போன இடத்தில, பிறகுதான் அந்த வீரர்களின்ர கையைக் கண்டன்.