இழைப்புளிக்கு வயது பார்ப்பது எப்படி?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இழைப்புளியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் காசோலையில் தேதியைச் சரிபார்த்தவன் நான். இதிலும் ஏறக்குறைய அதே வேலைதான்.

நம் பி பிளாக்கில் ஒரு வீட்டில், தச்சு வேலை பார்த்த அப்பாவின் பெட்டியில் ஒரு ஸ்டான்லி இரும்பு இழைப்புளி, 5-ஆம் எண், கிடந்தது. பழைய சாமான் வாங்க வந்தவர், "1902-ல் செய்தது. ஆனால் பிளேடு மாற்றியிருக்கிறார்கள், விலை போகாது" என்றாராம். அண்ணன் வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். தங்கை கூடாது என்கிறார். பொருள் என் மேசைக்கு வந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். ஆசிட் கூடவே கூடாது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமமும் துருவும் எழுத்தை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியும் பழைய பல் பிரஷ்ஷும் போதும்.

முன்பக்கம் 'பெய்லி' என்று இருக்கும். லியனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் இருந்த ஸ்டான்லி கம்பெனி 1869-ல் வாங்கியது. பிளேடைக் கழற்றுங்கள். அதைத் தாங்கும் சாய்வுக் கட்டைக்குப் பின்னால், அடிப்பகுதி இரும்பிலேயே தேதிகள் வார்த்திருக்கும். பி பிளாக் இழைப்புளியில் மூன்று: மார்ச் 25-02, ஆகஸ்ட் 19-02, ஏப்ரல் 19-10. வந்தவர் முதல் தேதியோடு நிறுத்திக்கொண்டார். இவை காப்புரிமை கிடைத்த தேதிகள், செய்த தேதிகள் அல்ல. கணக்கு ஆரம்பித்த தேதியைப் பார்த்துவிட்டு, கடைசி வரவும் அன்றைக்குத்தான் என்போமா? மூன்றாவது தேதி 1910. அதற்கு முன் இது வந்திருக்கவே முடியாது.

அடுத்து முன்கைக் குமிழ். இதில் குட்டையானது. 1919 வாக்கில்தான் உயரமான குமிழ் வந்தது. ஆக, 1910-க்கும் 1918-க்கும் நடுவில் செய்தது. உங்களுடையதில் தேதியே இல்லாமல், பிளேடை அழுத்தும் மூடியின் துளை சிறுநீரக வடிவில் இருந்தால், அந்த மூடி 1933-க்குப் பிந்தையது. பிளேடை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரத்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் சக்கரம் என்றால் இரண்டாம் உலகப்போர்க் காலமாக இருக்கலாம், பித்தளைக்கு அப்போது தட்டுப்பாடு. ஆனால் ஒரே உறுப்பை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். தச்சர்கள் ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். இந்தக் கணக்கெல்லாம் அமெரிக்காவில் செய்ததற்குத்தான், இங்கிலாந்தில் செய்ததற்குப் பொருந்தாது.

இனி அந்த "மாற்றிய" பிளேடு. அதில் மேட் இன் இங்கிலாந்து என்று முத்திரை இருக்கிறது. ஸ்டான்லி ஷெஃபீல்டு நகரில் தயாரிப்பைத் தொடங்கியது 1930-களின் பிற்பகுதியில். அப்பா தொழில் பழகியது அதற்கும் பிறகு என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அதாவது, யாரிடமோ இருந்து பழையதாக வாங்கிய உடம்புக்கு அவரே புது பிளேடு போட்டிருக்க வேண்டும். சாணை பிடித்துப் பிடித்து அதுவும் பாதியாகியிருக்கிறது. சேகரிப்பவர் இதற்காக விலையைக் குறைப்பார், அது அவர் கணக்கு. என்னைக் கேட்டால், அந்தப் பெட்டியில் அப்பாவின் கையெழுத்து இருப்பது அந்தப் பிளேடில்தான். அண்ணனிடமும் இதைச் சொன்னேன். பிளேடைக் கையில் வாங்கி, தேய்ந்த விளிம்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் விற்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். உங்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டு வாருங்கள், துருவோடேயே.