சியோலிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம்



சென்னையிலிருந்து மாமல்லபுரம் எவ்வளவு தூரமோ, தென்கொரியத் தலைநகர் சியோலிலிருந்து வடகொரிய எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பக்கத்துப் பீரங்கிகளுக்கு இந்த நகரம் எட்டும் தூரம். கொரியப் போரில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. இப்படிப்பட்ட ஊரில்தான் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குடியிருக்கிறார்கள், வேலைக்காக வந்து சேர்ந்த என்னைப் போன்றவர்களையும் சேர்த்து.

வடக்கே ஏவுகணை விட்டார்கள் என்றால் முதலில் பதறுவது ஊரில் இருக்கும் சொந்தங்கள்தாம். "ஏம்மா, அங்க ஏதோ ராக்கெட் விட்டாங்களாமே, நீ சாப்பிட்டியா?" என்று அம்மா ஒரே மூச்சில் கேட்பார். நான் அப்போது மெட்ரோ ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவர்களுக்குப் பயமே கிடையாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. மனிதர்களின் முகத்தில் தேடினால் தெரியாது. மெட்ரோ நிலையத்துச் சுவரைப் பாருங்கள்: அவசர முகமூடிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி இருக்கும். வாசலில், இது புகலிடம் என்று ஒரு பலகை. 2023 மே 31 காலை 6.41க்கு சியோல்வாசிகளின் கைப்பேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. வெளியேறத் தயாராகுங்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் அனுப்புங்கள் என்று செய்தி. எதற்காக, எங்கே போவது, ஒரு விவரமும் இல்லை. அதுவும் கொரிய மொழியில் மட்டும்! வடகொரியா செயற்கைக்கோள் ராக்கெட் ஒன்றை ஏவியிருந்தது. அது கடலில் விழுந்தது. சுமார் இருபது நிமிடம் கழித்து, அறிவிப்பு தவறு என்று இன்னொரு செய்தி வந்தது. கொரிய மொழி படிக்கத் தெரியாத வெளிநாட்டாருக்கு அந்த இருபது நிமிடம் எப்படிப் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, வடக்கே போவோம். ஹான் ஆற்றை ஒட்டிய நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனதுமே கரையோரம் முள்வேலி தொடங்கிவிடும். சில சாலைகளுக்கு மேலே பாலம் போலப் பெரிய கான்கிரீட் கட்டைகள் நிற்கும். டாங்கிகள் வந்தால் வெடி வைத்து அவற்றைச் சாலையில் விழவைத்து வழியை அடைப்பதற்காக! அதன் கீழேதான் பள்ளிப் பேருந்துகள் போய்வருகின்றன.

வழியில் முன்சான் என்ற ஊர். கொரியப் போருக்கு இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை, மருத்துவப் படைதான் அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1951 மார்ச்சில் அமெரிக்க பாராசூட் வீரர்களோடு தம் சிறு குழுவுடன் இந்த முன்சான் பக்கத்தில்தான் வானிலிருந்து குதித்து, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். மகாவீர் சக்ர விருது பெற்றவர். நம் பாடப்புத்தகங்களில் இவரை நான் பார்த்ததில்லை.

அடுத்தது இம்ஜின் ஆற்றங்கரை. குண்டு துளைத்த பழைய ரயில் எஞ்சின் ஒன்று அங்கே நிற்கிறது. வடக்கே சொந்த ஊரை விட்டு வந்த முதியவர்கள் பண்டிகை நாட்களில் வடக்கு நோக்கி முன்னோருக்குப் படையல் வைக்கும் பீடமும் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே குழந்தைகளுக்கான ராட்டினங்கள்! பொருத்தமே இல்லை என்றுதான் எனக்கு முதலில் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போக வேண்டுமே.

ஆற்றைத் தாண்டினால் 1978ல் கண்டுபிடித்த மூன்றாம் சுரங்கப்பாதை. வடகொரியா ரகசியமாகத் தோண்டியது. பிடிபட்டதும், இது நிலக்கரிச் சுரங்கம் என்றார்களாம். அதற்காகப் பாறையில் கரி பூசியிருக்கிறார்கள். குனிந்துகொண்டே நடக்க வேண்டும், உயரமானவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். அருகே டோராசான் ரயில் நிலையம், பளபளப்பானது. பியாங்யாங் 205 கிலோமீட்டர் என்ற பலகை உண்டு, அங்கே போக ரயில் கிடையாது. இந்தத் தடத்தில் 2007 டிசம்பரிலிருந்து சுமார் ஒரு வருடம் சரக்கு ரயில் எல்லை தாண்டி ஓடியது. 2024 அக்டோபரில் வடகொரியா தன் பக்கத்து இணைப்புச் சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தது.

வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். நம் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் சிப்பாய்க்கு இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். உடல்தகுதியுள்ள கொரிய ஆண்பிள்ளைகள் தரைப்படையில் பதினெட்டு மாதம் கழித்தாக வேண்டும். வீடு திரும்பிய பிறகும் பல வருடங்களுக்கு ரிசர்வ் பயிற்சிக்கு அழைப்பு வரும். படிப்பை, வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். சியோல் பழகிவிட்டது என்று என்னைப் போன்ற வெளிநாட்டார் பெருமை பேசுவது சுலபம். நாங்கள் பழகிக்கொள்வதற்கான விலையை அந்தப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது சியோலுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனால், இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் புகலிடம் எது என்று முதல் வாரமே பார்த்து வைக்கட்டும். எல்லையைப் பார்க்கப் போவதானால் பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று சுற்றுலா கிடையாது.