கோபம் வரலாம், தீர்மானத்தில் வரக்கூடாது



நிர்வாகக் குழு கூடினால், நம்மோடு கோபம், பாசம், பயம் மூணும் வந்து உட்காரும். குழாயடியில் சண்டை போட்டவர் ஆட்டுக்கடன் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று மனு அடியில் போகும். சொந்தக்காரி மூணு தவணை பாக்கி வைத்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. தலைவி அக்கா கோவிச்சுக்குவாங்க என்று கணக்கைப் பார்க்காமலே கையெழுத்து விழும். இதில் யாரும் திருடவில்லை. ஆனால் மழை பொய்த்த வருஷத்தில், கடன் கிடைக்காத ஒருத்தி மீட்டர் வட்டிக்குப் போய் நிற்பாள்.

அதுக்காக மனசை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. மதுரையில் திருக்குறள் நூல் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தில்தான் நம்ம ஊர் பாலவனத்தம் ஜமீன் பாண்டித்துரைத் தேவர் 1901ல் தமிழ்ச் சங்கம் தொடங்கினார் என்பார்கள். அந்த வருத்தம் நல்லதுக்கு ஆச்சு.

நாம் செய்யக்கூடியது இதுதான். மனு வந்தால், முதலில் அவர் வருகை, சேமிப்பு, திருப்பிக் கட்டியது மூணையும் பதிவேட்டைப் பார்த்து சத்தமாக வாசிக்கணும். சண்டைக்காரரும் சொந்தக்காரரும் அந்த மனுவுக்கு மட்டும் ஒதுங்கி இருக்கணும். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்ன பிறகு, தலைவி கடைசியில் பேசணும்.

நம்ம சேமிப்பு, நம்ம தீர்மானம்.