கைத்தொலைபேசியும் நற்செய்திப் பணியும்

புத்தளம் நகரிலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையிலே எலுவன்குளம் என்னும் சிற்றூர் இருக்கிறது. கலாவெவ என்னும் பழம்பெரும் குளத்திலிருந்து புறப்பட்டு வரும் கலா ஓயா, இவ்வூரைக் கடந்து, கண்டற் காடுகளினூடே சென்று கடலேரியிற் கலக்கிறது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்து வனம். அவ்வனத்தினுள்ளே பள்ளக்கண்டல் புனித அந்தோனியார் கோயில் அமைந்துள்ளது. தெற்கேயிருந்து அக்கோயிலுக்குச் செல்லும் யாத்திரிகருக்கு எலுவன்குளமே வாயில். ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான பாதையைச் சப்பாத்துப் பாலம் என்பர். மாரியில் ஆறு பெருகினால் பாலம் நீரில் மூழ்கிவிடும். வெள்ளம் வடியும்வரை பயணி கரையிற் காத்து நிற்க வேண்டியதுதான்.

மனிதன் கடக்க முடியாத அவ்வாற்றை அவனுடைய குரல் இன்று கடந்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் கைத்தொலைபேசி அதனைச் செய்கிறது. இக்கருவியைக் கிறிஸ்தவர்கள் தமது நற்செய்திப் பணிக்கு எவ்வாறு பயன்படுத்துகின்றனர், அதனால் விளையும் நன்மை யாது, அதற்குரிய எல்லை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

புதிய சாதனத்தைச் சமயப் பணிக்குக் கொள்வது கிறிஸ்தவர்களுக்குப் பழகிய வழியே. 1578ஆம் ஆண்டில் கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் போதனை நூல் தமிழெழுத்தில் அச்சேறியது. 1931இல் மார்க்கோனியின் துணையுடன் வத்திக்கான் வானொலி தொடங்கிற்று. 1969இல் மணிலாவிலே ஆசிய மக்களுக்கென வெரித்தாஸ் வானொலி நிறுவப்பட்டது. அது 2018இல் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி, இணையத்துக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறியது. சாதனங்கள் மாறி வந்தன. சொல்ல வந்த செய்தி மாறவில்லை.

இன்று பங்குக் கோயில்கள் பலவற்றுக்கு வாட்ஸ்அப் குழுக்கள் உள்ளன. திருவிழா அறிவித்தல், நவநாட் செபம், அன்றைய வேதவாசகம், குருவானவரின் சிறு மறையுரை ஆகியன அவற்றின் வழியே வீடு சேர்கின்றன. புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியாகிய வென்னப்புவ, மாரவில முதலிய ஊர்களிலிருந்து இத்தாலிக்குச் சென்று உழைப்போர் பலர். ஊரிலே கொடியேறுவதை அவர்கள் அங்கிருந்தே காண்கின்றனர். எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாத முதியவருக்குக் குரற்பதிவு பேருதவியாகிறது. படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு அது பூசையின் எதிரொலியாகிறது.

இடர் வந்த காலத்தில் இவ்வுதவியின் அருமை எல்லார்க்கும் புலப்பட்டது. 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கோயில்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஞாயிறன்று கோயில்கள் திறக்கப்படவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். 2020இல் கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, கைத்தொலைபேசித் திரையே பல குடும்பங்களுக்குக் கோயில் வாசலாயிற்று.

ஆயினும் திருச்சபை இதன் எல்லையையும் மறக்கவில்லை. இணையத்தைப் பற்றி 2002இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடு, இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று தெளிவாகக் கூறுகிறது. ஞானஸ்நான நீரை அலைவரிசையில் அனுப்ப முடியாது. நற்கருணை அப்பத்தைத் திரையிலிருந்து எடுத்து உண்ண முடியாது. கோயிலுக்கு வழிகாட்டுவதே திரையின் வேலை. வழிகாட்டியையே கோயிலென்று கொள்ளலாகாது.

நேயர்களே, இதனினும் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. கோயிலிற் சொல்லும் சொல்லுக்குச் சுவர் உண்டு. கேட்போர் யாரென்பது சொல்வோருக்குத் தெரியும். கைத்தொலைபேசியில் விடும் சொல்லுக்கு அத்தகைய சுவர் இல்லை. சொந்த மந்தைக்கென எழுதியது அடுத்த வீட்டையும் அடைகிறது. புத்தளம் மாவட்டமோ பௌத்தர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகிய நால்வரும் அயலயலே வாழும் மாவட்டம்.

அத்தகைய மண்ணில் ஒரு சொல் என்ன செய்யும் என்பது 2019 மே மாதத்தில் வெளிப்பட்டது. சிலாபத்திலே முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியைச் சிலர் மிரட்டலென்று பொருள் கொண்டனர். கூட்டம் திரண்டது, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் கலவரம் வடமேல் மாகாணத்தின் பிற ஊர்களுக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். அரசு ஊரடங்கை விதித்துச் சமூக ஊடகங்களையும் முடக்கிற்று. ஆறுதலைச் சுமந்து வந்த அதே கருவிதான் சில நாட்களுக்குள் அழிவையும் சுமந்து திரிந்தது.

ஆகவே நற்செய்தியைப் பரப்ப விழைவோர், எதை அனுப்புவது என்று கேட்பதற்கு முன்னர், யாருக்கு எவ்வாறு அயலாராய் இருப்பது என்று கேட்க வேண்டும். வத்திக்கான் 2023இல் சமூக ஊடகங்களைப் பற்றி வெளியிட்ட சிந்தனை ஏடு, நல்ல சமாரியனின் உவமையையே அடிப்படையாகக் கொண்டிருப்பது பொருத்தமானது. வழியில் விழுந்து கிடந்தவனின் சமயத்தைச் சமாரியன் விசாரிக்கவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்டான்.

இதற்கு வாழ்ந்து காட்டிய சான்று இந்நாட்டிலேயே உண்டு. கோவாவிலிருந்து வந்த யோசவ் வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம் அது. மாறுவேடத்தில் வீடு வீடாகச் சென்று மறைபணி செய்த அவர், பின்னர் கண்டியரசுக்கு உட்பட்ட இப்புத்தளப் பகுதிக்கு வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, உறவினரும் அஞ்சி விட்டுச் சென்ற நோயாளிகளைச் சமய வேறுபாடின்றிப் பேணினார். அவரைப் பின்தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். அச்சு வசதி இல்லாமையால் அவை கையாற் படியெடுக்கப்பட்டன. ஒரு நூலைப் படியெடுக்கப் பல நாள் உழைத்தவன், ஒவ்வொரு சொல்லையும் கண்ணாற் கண்டே எழுதினான். இன்று ஒரு விரல் தட்டினால் நூறு படிகள் பறக்கின்றன. அனுப்புவோன் அதனை முழுதும் வாசித்தானா என்பதே ஐயம்.

பழைய படியெடுப்போனின் அந்தப் பொறுமையே இன்று வேண்டப்படுவது. வந்த செய்தி மெய்யோ பொய்யோ என்று ஆராயாமல் அனுப்பலாகாது. பிறர் வழிபாட்டை இகழும் படத்தை அழித்துவிட வேண்டும். இசைவு கேளாமல் ஒருவரின் எண்ணைக் குழுவிற் சேர்ப்பது, அழையாமல் வீட்டினுள் நுழைவதற்கு ஒப்பாகும். அயலூரில் வெள்ளம் என்றால் சோறும் மருந்தும் எங்கே கிடைக்கும் என்பதை இரு மொழியிலும் அறிவிப்பது, நீண்ட பிரசங்கத்தினும் மேலான நற்செய்தி.

மாரி கழியும், கலா ஓயாவின் வெள்ளமும் வடியும், சப்பாத்துப் பாலம் மீண்டும் தெரியும். கைத்தொலைபேசியில் நோயாளிக்குச் செபம் அனுப்பியவர் அன்று எழுந்து, பாலத்தைக் கடந்து, அவருடைய திண்ணையிற் சென்று அமர வேண்டும். குரல் முன்னே போகலாம். கால் பின்னே போயாக வேண்டும்.